அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

(பொறியியல் மாணவர்களும் பட்டறைத் தொழில்நுட்பர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி, மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் ஒரு ராக்கெட் எஞ்சின் 665 வினாடிகள் நிற்காமல் எரிந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை இயக்கும் பி.எஸ்.4 எஞ்சின் அது. அதுவரை 14 பாகங்களாகச் செய்து இணைத்த எஞ்சினை அந்த முறை ஒரே துண்டாக லேசரால் அச்சிட்டிருந்தார்கள். 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. பழைய முறையில் ஓர் எஞ்சினுக்கு, அடித்து உருவாக்கிய கட்டிகளும் தகடுகளுமாக 565 கிலோ உலோகம் தேவைப்பட்டது, இப்போது 13.7 கிலோ தூள் போதும் என்றானது. அதே மாதம் 30ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைப் பொருத்தி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவியது. ஒரே மாதத்தில் நம் பக்கத்தில் நடந்த இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் உலோக அச்சைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரு படி விட்டுப்போகிறது. அச்சு இயந்திரத்தின் கதவைத் திறந்து, தூளைத் தட்டிவிட்டு வெளியே எடுக்கிறோமே, அந்தத் துண்டு இன்னும் பாகம் ஆகவில்லை. இன்னொரு பாகத்தோடு உரசிச் சுழலவேண்டிய முகம், வாயு கசியாமல் அடைக்கவேண்டிய முகம், தாங்கி உட்காரவேண்டிய முகம் என்று ஒவ்வொன்றிலும் சில முகங்கள் இருக்கும். அந்த முகங்களைச் சரிப்படுத்த வேறொரு இயந்திரம் வேண்டும். சூப்பர் அலாய் என்று வந்துவிட்டால் அது பெரும்பாலும் கிரைண்டிங் இயந்திரம்தான். கிரைண்டிங்கை அச்சிட்டு முடித்தபின் செய்யும் மெருகு வேலையாக நினைக்கக்கூடாது, அச்சுக்கான வரைபடத்தை வரையும் நாளிலேயே கிரைண்டிங் செய்பவரும் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உலோகம். ஜெட் எஞ்சின் பிறந்தபோதே அதற்கேற்ற உலோகத் தேடலும் தொடங்கிவிட்டது. ஜெட் எஞ்சின் முன்னோடி ஃபிராங்க் விட்டிலின் எஞ்சினை மனதில் வைத்து, 1940களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மாண்ட் நிக்கல் நிறுவனம் நிமோனிக் கலவையை உருவாக்கியது. நிக்கலை அடிப்படையாகக் கொண்ட, சூப்பர் அலாய் எனப்படும் இந்தக் கலவைகளுக்குள் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த நுண்துகள்கள் ஒழுங்காக அமர்ந்திருக்கும். காமா பிரைம் என்று பெயர். மற்ற உலோகங்கள் சூடேறினால் தளரும். இந்தத் துகள்களோ சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை, சூடேறச் சூடேற வலுவடையும். இன்றைய விமான எஞ்சினில் டர்பைன் பிளேடைத் தொட்டுச் செல்லும் வாயுவின் வெப்பம் அந்தப் பிளேடின் உருகுநிலையையே தாண்டியது. உள்ளே ஓடும் குளிர்காற்றும் மேலே பூசிய செராமிக் படலமும் பிளேடைக் காக்கின்றன. மிச்சத்தை உலோகம் தாங்குகிறது.

எஞ்சினுக்குள் இத்தனை பிடிவாதமான உலோகம் பட்டறையில் மட்டும் பணிந்துபோகுமா? வெட்டும் இடத்தில் சூடு ஏறினாலும் வலு குறையாது. ஒருமுறை கருவி உரசிவிட்டால் அந்தத் தோல் இன்னும் இறுகிவிடும். அடுத்த முறை வெட்டுவது அதைவிடக் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெப்பத்தை எளிதில் கடத்தாது. இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையின் வெப்பக் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11 வாட். சாதாரண மென் எஃகுக்கு 50 அளவில், செம்புக்கு 400 அளவில். கொதிக்கும் குழம்பில் பித்தளைக் கரண்டியைப் போட்டால் கைப்பிடி சீக்கிரம் சுடும். எவர்சில்வர் கரண்டியில் சூடு முனையிலேயே தங்கும். சூப்பர் அலாய் எவர்சில்வரைவிடவும் கஞ்சன். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சிடுவதிலும் கிரைண்டிங்கிலும் வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

718ஐப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்று உலகில் அதிகமாக அச்சிடப்படும் நிக்கல் கலவைகளில் அது முன்வரிசையில் நிற்கிறது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில், இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் உருவாக்கியது. 1962இல் காப்புரிமை கிடைத்தது. மற்ற கலவைகளை வெல்டிங் செய்தால், குளிரும்போதும் பிறகு சூடேற்றும்போதும் வலுவூட்டும் துகள்கள் அவசரமாக முளைத்து உலோகம் வெடித்துவிடும். 718இல் நயோபியம் இருப்பதால் அந்தத் துகள்கள் மிக நிதானமாக முளைக்கின்றன. வெல்டருக்கு அவகாசம் கிடைக்கிறது. லேசர் அச்சு என்பது கோடிக்கணக்கான நுண் வெல்டிங்குகளின் அடுக்கு. ஆகவே வெல்டருக்காகப் பிறந்த குணம், அறுபது ஆண்டு கழித்து அச்சு இயந்திரத்துக்குக் கைகொடுக்கிறது. அலுமினியமும் டைட்டானியமும் மிகுந்த மற்ற கலவைகள் இன்றும் அச்சில் விரிசல் விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அச்சிடும் முறை உங்களில் பலருக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்கான் நிறைந்த அறையில், 15 முதல் 45 மைக்ரான் அளவுள்ள உருண்டைத் தூளை ஏறக்குறைய 40 மைக்ரான் தடிமனுக்குப் பரப்புகிறோம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள லேசர் புள்ளி கோடுகோடாக ஓடி அதை உருக்குகிறது. மேடை ஓர் அடுக்கு இறங்கும்; மறுபடியும் தூள், மறுபடியும் லேசர். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2,500 அடுக்குகள். உருகிய குட்டை உறையும் வேகம் வினாடிக்கு லட்சம் டிகிரி முதல் பத்து லட்சம் டிகிரி வரை. இந்த அசுர வேகக் குளிர்ச்சியால் படிகங்கள் அடித்தளத்திலிருந்து மேல்நோக்கித் தூண்தூணாக வளர்கின்றன. பாகத்துக்குள் இழுவிசை மிச்சமிருக்கிறது; அடுப்பில் வைத்துத் தளர்த்தாமல் அடித்தட்டிலிருந்து வெட்டினால் துண்டு வில்லாக வளையும்.

இப்போது மேற்பரப்பு. அச்சிட்ட பக்கவாட்டு முகத்தில் அரைகுறையாக உருகிய தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். சராசரிச் சொரசொரப்பு 5 முதல் 15 மைக்ரான். கீழ்நோக்கித் தொங்கும் முகங்களில் இன்னும் மோசம். வரைபடமோ பொருந்தும் முகத்துக்கு 0.8 அல்லது 0.4 மைக்ரான் கேட்கும். அளவிலும் இதே கதை: அச்சு தருவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, பொருத்தம் கேட்பது நூறில் ஒன்று. இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்தால் ஆபத்து. மாறி மாறி விசை வாங்கும் பாகத்தில் களைப்பு விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பின் ஏதோ ஒரு பள்ளத்தில்தான் தொடங்குகிறது.

மில்லிங் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் கார்பைடு கருவியைக்கொண்டு 718ஐ வெட்ட நிமிடத்துக்கு 30 முதல் 60 மீட்டர் வேகம்தான் தாங்கும். முனை சீக்கிரம் தேயும், தேய்ந்த முனை மேற்பரப்பைக் கிழிக்கும். கிரைண்டிங் சக்கரத்தில் ஆயிரக்கணக்கான மணிகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மழுங்கிய மணி உடைந்து புதுமுனை காட்டும், அல்லது உதிர்ந்து அடுத்த மணிக்கு வழிவிடும். கடினமான உலோகத்தில், நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில், தொடர்ச்சியாக வேலை எடுக்க இதற்கு நிகரான வழியை நான் பார்த்ததில்லை.

அதற்கு விலை உண்டு. அந்த விலை சூடு. கூர்மையான மில்லிங் முனை ஒரு கன மில்லிமீட்டர் உலோகத்தை எடுக்கச் சில ஜூல் ஆற்றல் போதும். கிரைண்டிங் மணி முதலில் உரசும், பிறகு உழும், கடைசியில்தான் வெட்டும். அதனால் பல பத்து ஜூல் வரை செலவாகிறது. அந்த ஆற்றல் முழுவதும் சூடாகத்தான் மாறும். சூப்பர் அலாயில் அந்தச் சூடு உள்ளே இறங்காமல் தோலிலேயே தங்கும். தோல் விரிய முயலும். கீழே குளிர்ந்திருக்கும் உலோகம் விடாது. குளிர்ந்து முடிந்ததும் தோலில் இழுவிசை மிஞ்சும். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்த முகம், விரிசலுக்குத் தயாராக இருக்கும் முகம். இதைத்தான் கிரைண்டிங் பர்ன் என்கிறோம். அச்சில் வந்த இழுவிசையை அடுப்பில் வைத்துத் தளர்த்தினோம். கிரைண்டிங்கில் கவனம் தவறினால் அதைத் திரும்பவும் கூப்பிட்டு உட்காரவைக்கிறோம்.

டர்பைன் பிளேடின் வேர்ப்பகுதியைக் கிரைண்டிங் செய்யும் முறையில் இந்தச் சிக்கலின் அடிவேர் தெரியும். கிரீப் ஃபீட் என்ற முறையில், சக்கரத்தை மேலோட்டமாக ஓட்டாமல் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரேயடியாக இறக்கி, மேசையை மிக மெதுவாக நகர்த்துவார்கள். சக்கரமும் உலோகமும் தொடும் வளைவின் நீளத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஆழத்தையும் சக்கர விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 400 மில்லிமீட்டர் சக்கரத்தில் 0.02 மில்லிமீட்டர் ஆழம் என்றால் சுமார் 2.8 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் ஆழம் என்றால் 28. பத்து மடங்கு நீளமான அந்த வளைவுக்குள் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் நுழைந்தாகவேண்டும். நுழைந்து திரவமாக இருக்கும்வரை சூட்டை அள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் சேர்ந்த கூலண்ட் சுமார் 130 டிகிரியில் ஆவிப்படலமாக மாறியதும் அந்தக் காப்பு அறுந்துவிடும். வெப்பம் ஒரு நொடிக்குள் பல நூறு டிகிரி எகிறும். படிப்படியான எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. அதனால்தான் துளைகள் நிறைந்த, மென்மையான பிணைப்புள்ள சக்கரங்கள். அதனால்தான் வெட்டிக்கொண்டிருக்கும்போதே வைர உருளையால் சக்கரத்தின் முகத்தைப் புதுப்பிக்கும் டிரஸ்ஸிங்கைச் செய்துகொண்டே இருக்கும் ஏற்பாடு.

கூலண்ட் ஊற்றினால் போதாது, சக்கரத்தின் வேகத்துக்குப் பாயவேண்டும். சுழலும் சக்கரம் தன்னைச் சுற்றி ஒரு காற்று அரணை வைத்திருக்கிறது. மெதுவான தாரை அதைத் துளைக்காது. வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாய ஏறக்குறைய 4.5 பார் அழுத்தம் வேண்டும், 100 மீட்டருக்கு 50 பார். பள்ளியில் படித்த பெர்னூலி சமன்பாடுதான், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். இங்கே அச்சு கிரைண்டிங்குக்குச் செய்யும் ஓர் உதவியையும் சொல்லவேண்டும். பிளேடின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்து, உள்ளே கொந்தளிப்பு இல்லாமல் தாரையைக் கூராகச் செலுத்தும் கூலண்ட் முனைகளை இன்று அச்சிட்டே தயாரிக்கிறார்கள். குழாயை வளைத்துச் செய்த பழைய முனைகள் அவற்றுக்கு ஈடாகா.

சக்கரத்தில் எந்த மணி? வைரம் உலகிலேயே கடினமானது, அதையே போடலாமே என்று தோன்றும். ஆனால் சூட்டில் நிக்கல் கார்பனைக் கரைத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் செயற்கை வைரம் வளர்ப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான்: பேரழுத்தத்தில் உருகிய நிக்கல் அல்லது இரும்பில் கிராஃபைட்டைக் கரைத்து வைரமாக வெளிவரச் செய்கிறார்கள். கிரைண்டிங் முனையில் அந்தப் பேரழுத்தம் இல்லை. அதே நிக்கல் வைரத்தைத் தின்றுவிடும். அந்த இடத்தை நிரப்ப வந்தது கியூபிக் போரான் நைட்ரைடு. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் 1957இல் உருவாக்கியது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. நிக்கலோடு எளிதில் வினைபுரியாது. வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சூட்டில் ஒரு பங்கைச் சக்கரமே வாங்கிக்கொள்ளும். விலை அதிகம் என்பதால் அலுமினிய ஆக்சைடு சக்கரங்கள் இன்னும் களத்தில் இருக்கின்றன. சக்கரத் தொழில் நமக்குப் புதிதும் அல்ல. முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தோடும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலை 1954இலேயே தொடங்கிவிட்டது.

இனி இரண்டையும் சேர்க்கும் இடத்துக்கு வருவோம். வழக்கமான வரிசை இதுதான்: அச்சு, தட்டோடு வைத்து இழுவிசை தளர்த்தல், வயர் கட்டிங்கில் பிரித்தல், உள் துளைகளை நசுக்கி மூட வெப்பமும் அழுத்தமும் சேர்த்த சிகிச்சை, வலுவூட்டும் வெப்பப் பதம், கடைசியில் கிரைண்டிங். அடுப்பில் பாகம் கொஞ்சம் நெளியும் என்பதால் கிரைண்டிங் கடைசியில் வருவது சரி. பதம் ஏறிய 718 ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 40ஐத் தாண்டும். சக்கரத்துக்கு அது தொல்லை இல்லை. பதமேறாத, பிசுபிசுத்துச் சக்கரத்தை அடைக்கும் உலோகம்தான் தொல்லை.

கிரைண்டிங்கில் எடுப்பதற்காக எவ்வளவு கூடுதல் தடிமன், அதாவது அலவன்ஸ், விடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சொரசொரப்பு 15 மைக்ரான்தானே, 100 மைக்ரான் விட்டால் தாராளம் என்று வடிவமைப்பாளர் கணக்குப் போடுவார். அச்சில் வெளி வரம்புக்கோட்டை ஒரு லேசர் ஓட்டமும் உள் நிரப்பை வேறொரு ஓட்டமும் போடுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில், தோலுக்குக் கீழே 100 முதல் 300 மைக்ரான் ஆழத்தில், வரிசையாக நுண்துளைகள் விழ வாய்ப்புண்டு; அழுத்தச் சிகிச்சை எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 100 மைக்ரான் மட்டும் எடுத்தால் மூடியிருந்த துளைகளைச் சரியாகத் திறந்துவிட்டு நிறுத்துகிறோம். பளபளப்பான முகத்தில் ஊசிக்குத்துகள்! அதைவிட, தொடாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகவே அலவன்ஸ் அந்தத் துளை மண்டலத்தைக் கடந்து உள்ளே போகவேண்டும், அல்லது வரம்பும் நிரப்பும் நன்றாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி லேசர் பாதையை மாற்றவேண்டும். முதல் வழி கிரைண்டிங் செய்பவர் கையில், இரண்டாவது அச்சிடுபவர் கையில். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் யாருமே செய்யமாட்டார்கள்.

பிடிப்பும் அப்படித்தான். கிரைண்டிங்கில் சக்கரம் பாகத்தை அழுத்தும் விசை, வெட்டும் திசை விசையைவிட இரண்டு மூன்று மடங்கு. மெல்லிய சுவருள்ள அச்சுப்பாகம் அந்த அழுத்தத்தில் விலகி, சக்கரம் போனபின் திரும்பிவரும். நடுவில் தடிமன் கூடிவிடும். வார்ப்புப் பிளேடுகளைப் பிடிக்க, குறைந்த சூட்டில் உருகும் பிஸ்மத் கலவைக்குள் புதைத்துப் பிடிக்கும் பழைய முறை உண்டு. ஆனால் பிஸ்மத் துளி ஒட்டியபடி பாகம் சூடானால் நிக்கல் நொறுங்கும் குணம் பெறும். துடைத்தெடுப்பதே பெரிய வேலை. அச்சிடுபவருக்கோ இது சுலபம். பிடிக்கத் தேவையான தடித்த கால்களையும் அளவெடுக்கத் தேவையான தட்டை முகங்களையும் பாகத்தோடு சேர்த்தே வளர்த்துவிட்டு, கடைசிச் சுற்றில் அறுத்தெடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் தூள்தான் செலவு. கேட்க வேண்டியவர் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அச்சும் சக்கரமும் உண்மையிலேயே ஒன்றுபட்டு வாழும் இடம் பழுதுபார்ப்பு. 1980களின் தொடக்கத்திலேயே ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி.211 எஞ்சினின் டர்பைன் பிளேடுகளில், ஒன்றோடொன்று உரசும் முகங்களில் லேசரால் கடின உலோகத்தைப் படியவைத்தது. இன்று தேய்ந்த பிளேடு நுனிகளுக்கும் அதே வைத்தியம். பிளேடு நுனிக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளியின் மதிப்பை நாசா ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்: உயரழுத்த டர்பைனில் அதை 0.25 மில்லிமீட்டர் குறைத்தால் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சமாகும், வெளியேறும் வாயுவின் வெப்பம் 10 டிகிரி அளவில் இறங்கும். அந்தக் கால் மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை பாடு. ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த பிளேடுகளில் எந்த இரண்டும் ஒரே மாதிரி முறுக்கியிருக்காது. ஒவ்வொன்றையும் அளந்து, அதன் சொந்த வடிவத்தின்மேல் உலோகத்தைப் படியவைத்து, பிறகு கிரைண்டிங்கில் வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். எஞ்சினின் கம்ப்ரஸர் சுழலியில் பிளேடுகளை மாட்டி, வேகமாகச் சுழற்றி, மையவிலக்கு விசையால் அவை வெளிநோக்கித் தங்கள் இடத்தில் இறுக உட்கார்ந்த நிலையில் நுனிகளைக் கிரைண்டிங் செய்யும் இயந்திரங்களும் உண்டு. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த காட்சி அது.

படியவைத்தலையும் வெட்டுதலையும் ஒரே இயந்திரத்தில் வைக்கும் கலப்பு இயந்திரங்களை டி.எம்.ஜி. மோரி, மசாக் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. ஜப்பானின் மட்சூரா, தூள்படுக்கை அச்சுக்குள்ளேயே மில்லிங்கைச் சேர்த்தது. இவற்றில் கிரைண்டிங்கைச் சேர்ப்பது பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தூளைத் தெளித்து உருக்கும் முறையோடு சேர்ப்பது நடக்கும். தூள்படுக்கையோடு சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கிரைண்டிங்குக்குக் கூலண்ட் வேண்டும், லேசருக்கு உலர்ந்த சுத்தமான பரப்பு வேண்டும். கூலண்ட் ஈரத்தின்மேல் லேசர் பட்டால் வாயு சிக்கித் துளை விழும். உதிர்ந்த சக்கர மணி அடுத்த அடுக்குக்குள் புதைந்தால் அதுவே விரிசலின் விதை. பெரும்பாலான பட்டறைகளுக்கு இரண்டு தனித்தனி இயந்திரங்கள் போதும். இரண்டும் ஒரே அளவீட்டு முகங்களை நம்பினால் சரி. சக்கரம் எட்டாத உள்வழிகளுக்கு, சிலிக்கான் கார்பைடு மணி கலந்த பசையை அழுத்தித் தள்ளும் வேறு முறை உண்டு. அது தனிப் பேச்சு.

கடைசியாகச் சோதனை. எஃகில் கிரைண்டிங் பர்ன் இருக்கிறதா என்று பார்க்க, பார்க்ஹவுசன் காந்த இரைச்சலை அளப்பார்கள். 718 காந்தத்துக்கு மசியாத உலோகம். அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது. அமிலத்தால் அரித்துப் பார்க்கலாம், ஒளிரும் சாயத்தால் விரிசல் தேடலாம், எக்ஸ் கதிரால் இழுவிசையை அளக்கலாம். எல்லாம் மெதுவானவை, சில பாகத்தையே பலிகேட்பவை. அதனால் நடைமுறையில் நம் கையில் இருக்கும் நல்ல காவல், வேலை நடந்தபோது எழுதிய பதிவு: ஸ்பிண்டில் எடுத்த மின்திறன், கூலண்ட் அழுத்தம், எந்த இடைவெளியில் டிரஸ்ஸிங் நடந்தது என்ற விவரம். அச்சு இயந்திரமும் ஒவ்வோர் அடுக்குக்கும் உருகுகுட்டையின் ஒளியைப் பதிவு செய்துவைக்கிறது. இரண்டு பதிவுகளும் பெரும்பாலான இடங்களில் இரண்டு துறைகளின் இரண்டு கணினிகளில் கிடக்கின்றன. பாகத்தின் 62ஆவது மில்லிமீட்டர் உயரத்தில் கிரைண்டிங் மின்திறன் திடீரென்று துள்ளினால், அதே உயரத்தின் அடுக்கில் லேசர் என்ன செய்தது என்று யாராவது திருப்பிப் பார்க்கிறார்களா?

இங்கே இருக்கும் மாணவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். 718இல் சிறு கட்டைகளை மூன்று சாய்வுகளில் அச்சிடுங்கள்: படுக்கையாக, 45 டிகிரியில், நிமிர்ந்து. சிலவற்றில் வரம்புக்கும் நிரப்புக்கும் இடையே வேண்டுமென்றே இடைவெளி விடுங்கள். ஒரே சக்கரம், ஒரே ஆழம், ஒரே கூலண்ட் அழுத்தம். ஒவ்வொரு ஓட்டத்திலும் மின்திறனைப் பதிவு செய்யுங்கள். தூண்படிகங்களின் நீளவாக்கில் சக்கரம் ஓடும்போதும் குறுக்கே ஓடும்போதும் விசை மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டைகளை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, பதிவில் தெரிந்த துள்ளலுக்கும் உள்ளே தெரியும் துளைக்கும் தொடர்பு தேடுங்கள். அச்சிடத் தெரிந்த ஒருவரும் கிரைண்டிங் இயந்திரத்தில் கை பழகிய ஒருவரும் அந்தக் குழுவில் முதல் நாளிலிருந்தே சேர்ந்து இருக்கட்டும். முடிவுகளைக் கொண்டுவந்தால், உட்கார்ந்து சேர்ந்து படிக்க நான் தயாராக இருக்கிறேன்.